குறியீடு சொன்னதும் சொல்லாததும்

ஓசூர்க்காரனுக்குக் குளிரூட்டி எதற்கு என்று வெளியூர் உறவினர் கேட்பதுண்டு. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர், கேள்வி நியாயமானதே. ஆனால் நம் சிப்காட் தொழிற்பேட்டையில் சில குளிரூட்டிகள் மனிதருக்காக ஓடவில்லை, அளவுக்காக ஓடுகின்றன. 1902-இல் கேரியர் வடிவமைத்த முதல் கருவியும் புரூக்ளின் அச்சகமொன்றின் காகிதத்துக்காகவே பிறந்தது.

பொருள்களின் நீளத்தை 20 பாகை செல்சியசில் குறிப்பது 1931 முதல் உலகம் ஏற்றுக்கொண்ட நெறி. 100 மில்லிமீட்டர் அலுமினியத் துண்டு, ஒரு பாகை ஏறினால் இரண்டு மைக்ரானுக்குச் சற்று மேலே நீளும். அதை அளக்கும் எஃகுக் கருவியோ அதில் பாதிதான் நீளும். அறை 28 பாகையில் இருந்தால் ஒன்பது மைக்ரான் பிழை. நல்லது தள்ளப்படவும், கெட்டது வண்டியேறவும் அது போதும்.

சிறு தொழிற்கூடமொன்றில் அத்தகைய அளவறை என் பொறுப்பில் உள்ளது. சென்ற மே மாதத்தில், கோடைமழை கொட்டிய மறுநாள், அறையின் குளிரூட்டி நின்று, திரையில் ஒரு குறியீடு மின்னிற்று. உள்ளே இருக்கும் பகுதியும் வெளியே இருக்கும் பகுதியும் தமக்குள் செய்தி பரிமாறவில்லை என்பது அதன் பொருள். இதையே டைகின் கருவிகள் 'யு4' என்றும், எல்.ஜி. கருவிகள் 'சிஎச்05' என்றும் காட்டும்.

முதலில் வந்தவர் குறியீட்டை மட்டும் பார்த்தார். "போர்டு போச்சு" என்றார். அவர் சொன்ன விலை எங்கள் தொழிலாளி ஒருவரின் மாத ஊதியம்.

மறுநாள் அத்திப்பள்ளியிலிருந்து முதிய மெக்கானிக் ஒருவர் வந்தார். "ரெண்டும் பேசிக்கலைன்னுதான் சார் அது சொல்லுது. யார் குத்தம்னு சொல்லலையே" என்றார், கன்னடம் கலந்த தமிழில். வெளிப்பகுதிக்கு மின்சாரம் வருகிறதா என்று முதலில் பார்த்தார்; வந்தது. கம்பிகள் இடம் மாறியுள்ளனவா என்று பார்த்தார், இல்லை. பின்பு மின்சாரத்தை நிறுத்தி, இணைப்புக் கம்பிகளை இருமுனையிலும் கழற்றி மல்டிமீட்டரால் சோதித்தார். செய்திக் கம்பி ஒன்று மட்டும் ஊமையாய் இருந்தது. மாடிச் சுவரோரம் அதைத் தொடர்ந்து சென்றால், வெறும் டேப் சுற்றிய ஓர் இணைப்பு. மழைநீர் புகுந்து, செம்பு பச்சை பூத்திருந்தது. நடுவே ஒட்டில்லாத புதுக் கம்பி இழுத்தார். சில நூறு ரூபாயில் முடிந்தது.

உணர்வியின் கோளாறென்று குறியீடு காட்டினாலும் இதே வழிதான் என்றார். உணர்வியைக் கழற்றி, உள்ளங்கையில் பொத்தி வைத்தால் அதன் மின்தடை குறைய வேண்டும். குறைந்தால், அடுத்து அதன் செருகியைப் பார்க்க வேண்டும், போர்டு கடைசியில்தான். ஆண்டுதோறும் வாயு நிரப்புகிறவர்களைப் பற்றியும் கடுமையாகப் பேசினார். குளிர்வாயு எண்ணெய்போல் எரிந்து தீர்வதில்லை, குறைந்ததென்றால் கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்புவது பழுதுபார்த்தலே அன்று. எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது.

அந்த இரு நாளில் அளந்த பெட்டிகளை நான் அனுப்பாமல் நிறுத்தியிருந்தேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. வாங்குவோர் தொலைபேசியில் நெருக்கிக்கொண்டிருந்தனர். அறை 20 பாகைக்கு இறங்கி, பொருள்களும் ஓர் இரவு முழுதும் அதே குளிரில் கிடந்தபின் மீண்டும் அளந்தோம். ஏழு துண்டுகள் இடம் மாறின. ஐந்து, நாங்கள் கழித்துப் போட்டவை. இரண்டு, அனுப்பவிருந்தவை.