செட்டிநாட்டுச் சாமானும் இனிஷியலும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் நிறைய உண்டு. பர்மா தேக்கில் செய்த பெட்டி, பெல்ஜியம் கண்ணாடி, பீங்கான் ஜாடி, இனாமல் தூக்கு என்று ஒரு காலத்து வாழ்க்கையே அங்கே விலைக்குக் கிடைக்கிறது.

இவை எப்படிக் கடைக்கு வந்தன? நகரத்தார் பர்மாவில் வட்டிக்கடை நடத்திச் சம்பாதித்த பணம் செட்டிநாட்டில் பெரிய பெரிய வீடுகளாக எழுந்தது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரும்படி நின்றது. வீடு ஒன்று, பங்காளிகள் பலர். பராமரிக்க முடியாதவர்கள் சாமான்களை விற்றுப் பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

நகரத்தார் வீட்டில் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் வெள்ளி, பித்தளைப் பாத்திரங்களில் குடும்பத்து இனிஷியலை வெட்டிக் கொடுப்பார்கள். அந்த நான்கைந்து எழுத்துதான் பாத்திரத்தின் பூர்வீகம். ஆனால் அது யாருடைய கல்யாணத்துக்கு வந்தது என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். பாத்திரம் மட்டும் கடைக்குப் போனால் எழுத்து இருக்கும், அதைப் படித்துச் சொல்ல ஆள் இருக்காது. வெள்ளி எடைக்குப் போகும்.

1972-ம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது. பொருளைக் காக்கச் சட்டம் இருக்கிறது. கதையைக் காக்க வீட்டுக்காரர்கள்தான் உண்டு. விற்பதோ வைத்திருப்பதோ அவரவர் இஷ்டம். அதற்கு முன்னால் அப்பத்தாவிடமும் ஆயாவிடமும் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வைக்கலாமே!