ஜவ்வாது மலையிலிருந்து சேலம் வழியாகத் திரும்புகிறீர்களா? யார்க்கர் நடராஜன் ஊரையும் பார்க்கலாம்!

ஜமுனாமரத்தூரில் ஒருநாள் தங்கல், பீமன் அருவியில் குளியல், காவலூர் வான் ஆய்வகம்... ஜவ்வாது மலைக்குப் போகிறவர்களின் பட்டியல் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். திருப்பத்தூர், ஊத்தங்கரை வழியாகச் சேலம் பக்கம் திரும்புகிறவர்கள் இன்னும் ஓர் ஊரைச் சேர்த்துக்கொள்ளலாம். சேலத்திலிருந்து சுமார் 36 கி.மீ. தொலைவில், தாரமங்கலம் அருகே இருக்கும் சின்னப்பம்பட்டி. கிரிக்கெட் வீரர் நடராஜனின் சொந்த ஊர்!

அருவி, படகுச் சவாரி எதுவும் இங்கே கிடையாது. ஆனால், பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது.

அப்பா விசைத்தறித் தொழிலாளி. அம்மா சாலையோரத்தில் சிக்கன் கடை நடத்தியவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவரான நடராஜன், 20 வயதுவரை ஆடியது டென்னிஸ் பந்து கிரிக்கெட்தான். அந்தப் பந்தில் ரன் கொடுக்காமலிருக்கப் பழகிய யார்க்கர்தான் பின்னாளில் அவர் அடையாளம். அவர் திறமையைக் கண்டு சென்னைக்கு அழைத்துப்போனவர் அதே ஊர் ஜெயப்பிரகாஷ். நன்றிக்காக 'ஜே.பி' என்ற எழுத்துகளை ஜெர்சியில் போட்டுக்கொண்டார் நடராஜன்.

2015-ல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகம். உடனே அடி விழுந்தது. பந்துவீசும் முறை விதிப்படி இல்லை என்று புகார். பந்துவீசும் முறையை மாற்றிப் பழகி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். 2017-ல் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது.

2020 கடைசியில் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், அந்த ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். இந்தியர் யாரும் அதற்கு முன் இதைச் செய்ததில்லை. பிரிஸ்பேன் டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். 2021 ஜனவரியில் ஊர் திரும்பியபோது சாரட் வண்டியில் ஏற்றிக் கொண்டாடியது சின்னப்பம்பட்டி.

அதே ஆண்டு முழங்காலில் அறுவை சிகிச்சை. மீண்டு வந்து, 2024 ஐ.பி.எல்-லில் ஐதராபாத் அணிக்காக 19 விக்கெட் எடுத்தார். அடுத்த ஏலத்தில் டெல்லி அணி கொடுத்த விலை 10.75 கோடி ரூபாய்.

இந்த ஊரில் பார்க்கவேண்டியது, அவர் சொந்த முயற்சியில் அமைத்த கிரிக்கெட் மைதானம். 2023 ஜூன் 23 அன்று தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள். போகிற வழியில் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் சிற்பங்களையும் பார்த்துவிடலாம்.

மட்டையும் டென்னிஸ் பந்தும் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. ஜவ்வாது மலைக் கிராமங்களும் அப்படித்தான். நல்ல ஆடுகளம் உள்ள ஊர்கள்தான் குறைவு. நடராஜன் அதற்காகச் சென்னைவரை போகவேண்டியிருந்தது. சின்னப்பம்பட்டிப் பிள்ளைகளுக்கு இன்று அது ஊருக்குள்ளேயே இருக்கிறது!