வல்லாரையும் ஆறாம் பாட்டும்

வெண்டைக்காய் சாப்பிட்டா கணக்கு நல்லா வரும்னு சொல்லித்தானே உங்களையும் வளர்த்தாங்க? எங்க காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ல வாரத்துக்கு மூணு நாள் வெண்டைக்காய்ப் பொரியல்தான். மேத்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கிறவங்க லிஸ்ட்டை ஒருமுறை பார்த்தீங்கன்னா, அந்தக் காய்க்கும் கணக்குக்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லைங்கிறது புரிஞ்சிடும். ஆனா பாருங்க, வெண்டைக்காயைக் கிண்டல் பண்ற நாமே, வல்லாரைன்னா மட்டும் கொஞ்சம் பவ்யமாகிடுறோம். அதுக்கு 'சரஸ்வதி கீரை'ன்னு பேரே இருக்கே!

அந்தக் கீரையை நம்பி முழுசா ஒரு மண்டலம், அதாவது 48 நாள், சாப்பிட்டவங்க என் பெரியம்மா பொண்ணு. சீர்காழிக்காரங்க. அரசு இசைப் பள்ளியில மூணு வருஷத் தேவார வகுப்பு மாணவி. 'என் பேரைப் போட்டே, தொலைஞ்சே'ன்னு மிரட்டியிருக்கிறதால, இங்கே வெறும் 'அக்கா'.

வாய்ப்பாட்டு, வயலின், பரதம்னு எத்தனையோ இருக்கும்போது தேவாரம் ஏன்? அக்காவுக்கு ஓதுவார் ஆகணும். 2021-ல் சென்னைக்குப் பக்கத்துல மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில்ல சுகாஞ்சனாங்கிற பெண் ஓதுவாரா நியமிக்கப்பட்டாங்களே, அந்தச் செய்தியோட போட்டோ இன்னமும் அக்கா போன்ல இருக்கு. டீக்கடை வெச்சிருக்கிற பெரியப்பா, 'பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் சரிப்படுமா?'ன்னு இழுத்தப்போ அக்கா போட்ட போடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். தேவாரத்தோட பண்கள் மறந்துபோனப்போ, திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழியில வந்த ஒரு பெண்தான் அதை மீட்டுக் கொடுத்தாங்கன்னு திருமுறை கண்ட புராணம் சொல்லுது. 'அவங்க இல்லேன்னா உங்க ஆம்பளை ஓதுவாருங்க எதைப்பா பாடியிருப்பாங்க?' பெரியப்பா கப்சிப். ஆனாலும் ஒரு கெடு வெச்சார். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம். அதுக்குள்ள ஒரு கோயில்ல வேலை கிடைக்கணும். இல்லேன்னா ஜவுளிக்கடை கவுன்ட்டர்தான்.

குரல்ல குறையே இல்லை. ஞாபகம்தான் வில்லன். புத்தகத்தைப் பார்த்துப் பாடுற ஓதுவாரை யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க. ஆனா, மதிக்கவும் மாட்டாங்க. போன வருஷம் ஒரு விழாவுல சம்பந்தர் பதிகம் பாடின அக்கா, நாலாம் பாட்டுல இருந்து நேரா ஆறாம் பாட்டுக்குத் தாவிட்டாங்க. முன் வரிசையில உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருத்தர், விட்டுப்போன அஞ்சாம் பாட்டைச் சத்தமாவே எடுத்துப் பாட ஆரம்பிச்சிட்டார். அவர் உதவி பண்ணத்தான் நினைச்சிருப்பார். அக்கா அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை.

மறுநாளே வல்லாரை வந்துடுச்சு. பக்கத்து வீட்டு ஆயாவோட வைத்தியம். விடியக்காலை வெறும் வயித்துல அஞ்சு இலை, நல்லா மென்னு தின்னுட்டு ஒரு டம்ளர் பால். துவையல் அரைச்சா புளி சேர்க்கவே கூடாது, குணம் போயிடுமாம். வாய்க்கால் ஓரத்துல இருந்து வேரோட பிடுங்கி வந்த கொடியை ஒரு பழைய பெயின்ட் வாளியில நட்டாங்க. படர்ற செடி ஆச்சே, கணுவுக்குக் கணு வேர் விட்டு ரெண்டே வாரத்துல வாளி நிறைஞ்சிடுச்சு. நானும் ஒரு இலை தின்னு பார்த்தேன். முதல்ல கசப்பு, அப்புறம் துவர்ப்பு, கடைசியில அக்கா மேல பரிதாபம்! சம்பந்தருக்கு இதே ஊர்ல மூணு வயசுல ஞானப்பால் கிடைச்சது. எங்க அக்காவுக்கு இருபத்துமூணு வயசுல வல்லாரை.

இன்ஜினீயரிங் புத்தி சும்மா இருக்குமா? ஆராய்ச்சி ஏதாவது இருக்கான்னு தேடினேன். பிரமின்னு சொல்லி விக்கிறாங்களே, அதுல ஒரு குழப்பம் இருக்கு. வடக்கே அந்தப் பேரை ரெண்டு செடிக்கும் சொல்றாங்க. ஒண்ணு நம்ம வல்லாரை. இன்னொண்ணு நீர்ப்பிரமி. ஆஸ்திரேலியாவுல 2001-ல் 46 பேரை வெச்சு நடத்தின சோதனையில 12 வாரம் கழிச்சு ஓரளவு பலன் தெரிஞ்சது நீர்ப்பிரமிச் சாற்றுக்கு. வல்லாரை பத்தின சோதனைகளை எல்லாம் சேர்த்து அலசி 2017-ல் வெளியான கட்டுரை, ஞாபக சக்தி கூடும்னு சொல்ல வலுவான ஆதாரம் இல்லைங்குது. மனசு கொஞ்சம் சுறுசுறுப்பாகலாம், அவ்வளவுதான். அக்காகிட்ட சொன்னேன். 'சுறுசுறுப்பு வந்தா போதும்டா, மீதியை நான் பார்த்துக்கிறேன்'னாங்க.

அதுக்கப்புறம்தான் எனக்கே சுவாரஸ்யம் பிடிச்சது. காலையில அஞ்சு மணிக்கு நான் புத்தகத்தை வெச்சுக்கிட்டு உட்காருவேன் (செமஸ்டர் லீவு, வேற வேலை?). அக்கா பாடுவாங்க. எங்கே சறுக்குதுன்னு பென்சில்ல குறிச்சுக்கிட்டே வந்தேன். பத்து நாள்ல ஒண்ணு பளிச்சுனு தெரிஞ்சது. சறுக்கல் எல்லாமே ரெண்டுல இருந்து ஏழாம் பாட்டுக்குள்ளதான்!

ஏன்னு கேட்டா, சம்பந்தரோட பெரும்பாலான பதிகங்கள்ல எட்டாம் பாட்டுல ராவணன் வருவான். ஒன்பதுல அடிமுடி தேடுற பிரம்மனும் திருமாலும். பத்துல சமணரும் பௌத்தரும். பதினொண்ணுல சம்பந்தர் தன் பேரைச் சொல்லிப் பலனும் சொல்லி முடிச்சுடுவார். ஆள் மாறவே முடியாது, மைல் கல் மாதிரி. முதல் பாட்டு எப்படியும் மறக்காது. நடுவுல இருக்கிற ஆறு பாட்டுதான் அநாதை. ஒரே பண், ஒரே சந்தம். பிறை, கங்கை, சோலை, வயல்னு வர்ணனை எங்கே வேணும்னாலும் பொருந்தும். அக்காவுக்கு வார்த்தை மறக்கலை. வரிசைதான் குழம்புது.

எலெக்ட்ரானிக்ஸ்காரங்களுக்கு இந்த வியாதி நல்லாவே தெரியும். ரெசிஸ்டர் கலர் கோடை 'பி.பி.ராய் ஆஃப் கிரேட் பிரிட்டன்'னு சொல்லித்தானே மனப்பாடம் பண்ணினோம்? அதே டெக்னிக்! ஆறு பாட்டோட முதல் எழுத்துகளை வெச்சு, எங்க தெரு ஆட்களைப் பத்தி ஒரு வாக்கியம் கட்டினோம். ஒரு பதிகத்துக்கு ஒண்ணு. அதை இங்கே எழுதினா ஆசிரியர் வெட்டிடுவார், தெருவுலயும் வெட்டிடுவாங்க.

'சாமி பாட்டுக்கு இப்படி ஒரு குறுக்கு வழியா?'ன்னு முறைக்கிறீங்களா? மறதிக்குப் பயந்து நம்ம ஆளுங்க பண்ணாததா? 2023 ஏப்ரல்ல இதே சீர்காழி சட்டைநாதர் கோயில்ல யாகசாலைக்கு மண் எடுக்கத் தோண்டினப்போ, தேவாரம் பொறிச்ச செப்பேடுகள் நானூறுக்கு மேல கிடைச்சதே! யாரோ ஒருத்தர் ஒவ்வொரு எழுத்தா உளியில வெட்டியிருக்கார். எங்களுக்குக் கிடைச்சது பி.பி.ராய்.

பிராக்டிகல்ல பரீட்சையாளர் கேட்டது, அக்காவுக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு பதிகம். பதினோரு பாட்டும் வரிசை மாறாம வந்துச்சாம். ஆறாம் பாட்டுல மட்டும் ஒரு நொடி நின்னு, தெரு ஆளை நினைச்சுச் சிரிப்பை அடக்கிக்கிட்டுப் பாடியிருக்காங்க. பாஸ்! வீட்டுக்கு வந்ததும் நேரா போய் பெயின்ட் வாளிக்குத் தண்ணி ஊத்தினாங்க. 'வாக்கியம் கட்டினது நான், தண்ணி அதுக்கா?'ன்னேன். 'அது இல்லேன்னா நான் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பேனாடா?'ன்னு ஒரே கேள்வி. இந்த வழக்கு இன்னும் எங்க வீட்ல முடியலை.

பெரியப்பாவோட கெடு முடிய இன்னும் ஏழு மாசம் இருக்கு. ரெண்டு கோயிலுக்கு விண்ணப்பம் போட்டிருக்காங்க. காத்திருக்கிற நேரத்துல தினமும் ஒரு புதுப் பதிகம். வாளி இப்போ டீக்கடை வாசலுக்கு வந்தாச்சு. டீ குடிக்க வர்ற ப்ளஸ் டூ பசங்களுக்கு அஞ்சு அஞ்சு இலையா பறிச்சுக் கொடுக்கிறது, சாட்சாத் எங்க பெரியப்பா!