பிந்திய புத்தகங்களின் தட்டு

உர்சுலா லெ குவினை வாசிப்பவர்கள் பெரும்பாலும் 1968இல் வெளியான ‘எர்த்ஸீ’ வரிசையின் முதல் நாவலில்தான் தொடங்குவார்கள். என் வீட்டுத் தட்டில் இருப்பவை 1990 முதல் வந்தவை மட்டும். 2018 ஜனவரியில் இறக்கும்வரை அவர் வாழ்ந்த ஊரான போர்ட்லண்டில்தான் நானும் குடியேறினேன். பேர்ன்சைட் வீதியில் ஒரு முழுச் சதுக்கத்தை அடைத்து நிற்கும் பவல்ஸ் கடையில் பழைய பிரதியையும் புதியதையும் ஒரே தட்டில் அடுக்கியிருப்பார்கள். மழைக்கால மாலைகளில் வேலை முடிந்து போய் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ‘எர்த்ஸீ’ வரிசையின் பிந்திய நாவலான ‘தெஹானு’வின் என் பிரதியில் முன்பு வைத்திருந்த யாரோ பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். கெட் ஆடு மேய்க்கும் பக்கங்களில்தான் கோடுகள் அதிகம்.

முந்திய நாவல்களில் டிராகன்களோடு பேசிய பெருமந்திரவாதி கெட். ‘தெஹானு’வில் சக்தி முழுவதையும் இழந்து திரும்பி வருகிறான். டெனார் என்ற விதவை, தீயில் கருகிய ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். சமையல், துவையல், தோட்டம், ஆடு என்று கதை நகர்கிறது. ஊரில் ஆசிரியராகவும் பொறியியலாளராகவும் இருந்துவிட்டு இங்கே வந்து இரவுவேலைக்குப் போன எங்கட ஆட்கள் எத்தனை பேர்! பதவி போன பிறகும் ஒரு மனிதனிடம் என்ன மிஞ்சும் என்பதை இவ்வளவு மரியாதையோடு சொன்ன மாயப்புனைவு வேறொன்றை நான் வாசித்ததில்லை.

2008இல் வந்த ‘லவீனியா’வும் அருமையானது. வேர்ஜிலின் காவியத்தில் ஒரு சொல்கூடப் பேசாத இளவரசியை 78 வயதில் பேசவைத்தார்.

ஆனால் என்னை உலுக்கியது 2006இல் வந்த ‘வாய்ஸஸ்’. அன்சுல் என்ற நகரைப் பிடித்த ஆல்டுகள், எழுத்தைப் பேயின் வேலை என்று நம்புகிறவர்கள். நெருப்பு அவர்களுக்குத் தெய்வம். ஆகவே புத்தகங்களை எரிக்காமல் தண்ணீரில் எறிகிறார்கள். தப்பியவற்றைச் சனங்கள் இரவோடிரவாகக் கொண்டுவந்து ஒரு பழைய வீட்டின் இரகசிய அறைக்குள் சேர்க்கிறார்கள். மேமர் என்ற சிறுமி காற்றில் எழுத்துகளை வரைந்தால் அந்த அறையின் சுவர் திறக்கும்.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகளும் சேர்த்து, சாம்பலாயின. இந்த நாவலை வாசித்து முடித்த என் மகள், “அம்மா, இது உங்கட ஊர்க் கதையோ?” என்று கேட்டாள். அன்றிரவு வெகுநேரம் இருவரும் அந்த நூலகத்தைப் பற்றியே பேசினோம். அதுவரை அவள் என்னிடம் அதைப்பற்றிக் கேட்டதில்லை.

புலம்பெயர்ந்த மண்ணில் வளரும் பிள்ளைகளுக்கு ‘வாய்ஸஸ்’ஸை வாங்கிக் கொடுங்கள். அதை வாசிக்க லெ குவினின் வேறெந்த நூலையும் முன்பே அறிந்திருக்கத் தேவையில்லை. நீங்களும் கூட இருந்து வாசியுங்கள்.