நின்றால் உதறும் வண்டி

ஓடும்போது ஒழுங்காக ஓடி, நிற்கும்போது மட்டும் உதறும் வண்டிதான் மெக்கானிக்கின் பொறுமையைச் சோதிக்கும். அடியோடு படுத்துவிட்ட என்ஜினில் கோளாறைப் பிடிப்பது எளிது. பாதி நோயோடு ஓடும் என்ஜின் பொய் சொல்லும்.

இமாச்சலப் பிரதேசத்தில் மணாலிக்கு மேலே, சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் சோலாங் பள்ளத்தாக்கில் இந்தப் பொய்க்கு ஒரு விலை உண்டு. பருத்த டயர் மாட்டிய நான்கு சக்கர ஏடிவி வண்டிகள் அங்கே சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மண்ணிலும் புல்லிலும் வலம் வருகின்றன. சவாரி சில நிமிடங்கள்தான். பிறகு அடுத்த ஆளுக்காக வண்டி நிற்க வேண்டும். நின்ற இடத்தில் உதறி உதறி அணைந்துபோகும் வண்டியில் யார் ஏறுவார்கள்? கடன் வாங்கி வண்டி வாங்கியவருக்குக் கோடை சீசன் போனால் போனதுதான்.

அந்தப் பக்கத்து மெக்கானிக் ஒருவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பட்டறைப் பையன்களுக்கு அவர் 'உஸ்தாத்ஜி'. கார்புரேட்டர் காலத்து ஆள். என்ஜின் சத்தத்தைக் கேட்டபடியே ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பிச் சரிசெய்துவிடுவார். மலையில் அந்தக் கைக்கு மதிப்பு இருந்தது. 2,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சமவெளியில் சரிசெய்த கார்புரேட்டர் அங்கே வந்தால் பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். வண்டி கரும்புகை கக்கும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் பிழைத்துக்கொண்டார்.

ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்ததும் அந்தப் பிழைப்பில் பாதி போனது. காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் சென்சார்கள் அளந்து சொல்ல, எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று இசியு என்கிற சின்னக் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது அதன் அடிப்படைக் கணக்கு. திருப்பிச் சரிசெய்ய ஸ்க்ரூ இல்லை. சில வருடங்கள் இந்த வண்டிகளைத் தொடவே பயந்ததாக உஸ்தாத் மறைக்காமல் சொல்கிறார்.

பயத்தைத் தெளியவைத்தது ஒரு ஏடிவி. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் 'இசியு போய்விட்டது, மாற்ற வேண்டும்' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். புது இசியுவின் விலையைச் சொன்னபோது உரிமையாளரின் முகம் விழுந்துவிட்டது. "கம்ப்யூட்டர் கடைசியில்தான் சாகும் பாயி, முதலில் ரப்பர் சாகும்" என்று வண்டியை வாங்கி நிறுத்திக்கொண்டார் உஸ்தாத்.

அவர் வேலையைத் தொடங்கியது காசு செலவில்லாத இடத்திலிருந்து. மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். எரியவில்லை. சென்சார் ஏதாவது அடியோடு செத்திருந்தால் பெரும்பாலும் அந்த விளக்கு காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தது பேட்டரி. அடிக்கடி ஸ்டார்ட் செய்து கொஞ்ச தூரமே ஓடும் வண்டியில் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆவதில்லை. வோல்டேஜ் குறைந்தால் பெட்ரோல் பம்ப்பும் இன்ஜெக்டரும் சோம்பேறியாகிவிடும். பேட்டரி சரியாக இருந்தது. ஏர் ஃபில்டரில் மண் அடைத்திருந்தது, கழுவினார். பிளக்கை மாற்றினார். உதறல் நிற்கவில்லை.

பிறகு ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்து, என்ஜினை ஓடவிட்டு, த்ராட்டில் பாடியை என்ஜினோடு இணைக்கும் ரப்பர்க் குழாயைச் சுற்றி மெதுவாகப் பீச்சினார். ஒரு இடத்தில் தண்ணீர் பட்டதும் என்ஜினின் சத்தம் மாறியது. விரலால் வளைத்துப் பார்த்தால் அடிப்பக்கம் முடி போல ஒரு விரிசல்.

நிற்கும்போது மட்டும் ஏன் உதறியது என்பதற்கும் விடை அதில் இருந்தது. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் த்ராட்டில் ஏறக்குறைய மூடிக்கொள்ளும். உள்ளே என்ஜின் இழுக்கும் இழுப்பு அப்போதுதான் பலமாக இருக்கும். விரிசல் வழியே கணக்கில் வராத காற்று புகும். நிற்கும்போது என்ஜினுக்குத் தேவையான காற்றே கொஞ்சம். அதில் இந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்கு. ஆக்சிலேட்டரைத் திருகினால் காற்று வெள்ளமாக வரும். விரிசலில் வருவது அதில் கரைந்துபோகும். என்ஜின் எதுவும் நடக்காதது போல ஓடும்.

ரப்பரை மாற்றி, த்ராட்டில் பாடியில் படிந்திருந்த கரியையும் துடைத்தார். உதறல் நின்றது. நின்றிருக்காவிட்டால் பெட்ரோல் பம்ப்பின் அழுத்தம், வால்வு இடைவெளி, இன்ஜெக்டர் என்று வரிசையாகப் போயிருப்பார். இசியு அந்தப் பட்டியலில் கடைசி.

இது ஒரு மலைக்கிராமத்துச் சங்கதி மட்டும் அல்ல. இந்தியாவில் ஹீரோ ஹோண்டா 2006இல் கிளாமர் மோட்டார் சைக்கிளில் ஃபியூவல் இன்ஜெக்‌ஷனைக் கொண்டுவந்தபோது அது ஓர் அதிசயம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுவதும் அமலுக்கு வந்ததும் பெரும்பாலான புது பைக்குகளிலும் ஸ்கூட்டர்களிலும் கார்புரேட்டருக்கு இடமில்லாமல் போயிற்று. அதனால் மூலைக்கு மூலை இருந்த மெக்கானிக்குகள் இரண்டு பிரிவானார்கள். ஒரு பிரிவு, 'இது கம்ப்யூட்டர் வண்டி, நமக்கு ஆகாது' என்று கைகழுவியது. இன்னொரு பிரிவு ஸ்கேனரை மாட்டி, திரையில் தெரிந்த பாகத்தைக் கழற்றிப் புதிதை மாட்டியது.

இரண்டுமே வாடிக்கையாளருக்கு நஷ்டம். ஸ்கேனர் சொல்வது மின்சார வழியில் தெரிகிற சங்கதியை. ரப்பரில் விழுந்த விரிசலுக்கு ஒயர் கிடையாது. அதன் விளைவைத்தான் சென்சார் பார்க்கும். பல சமயம் பழியும் அந்தச் சென்சார் மேலேயே விழும். நோயைச் சொன்னவனையே நோயாளி ஆக்கும் கதை இது.

உஸ்தாத் இப்போது பையன்களை ஸ்கேனர் பழகச் சொல்கிறார், தானும் பழகிவிட்டார். ஆனால் அவர் பட்டறையில் ஒரு கட்டாயம் உண்டு. புது பாகத்துக்கு ஆர்டர் சொல்லும் முன், பழைய பாகம் ஏன் கெட்டது என்று பையன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் பாகம் வராது.

ஸ்க்ரூவைத் திருப்பும் கைக்கு வேலை போய்விட்டது உண்மைதான். எது முதலில், எது பிறகு என்று யோசிக்கும் தலைக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. வாடிக்கையாளரின் பணத்தைக் காப்பாற்றுவதும் அந்தத் தலைதான்.