ஓய்வுபெற்ற ஜீப்புக்கு ஒரு நம்பர்

தில்லியில் குடியேறிவிட்ட முன்னாள் ராணுவ டிரைவர் ஒருவருக்கு ஓர் ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லடாக்கிலும் ராஜஸ்தானிலும் தான் ஓட்டித் தேய்த்த வண்டி ரகத்தில் ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்தியா கேட் வரை ஒரு சுற்று போய்வர வேண்டும். அவ்வளவுதான். பேராசை ஒன்றும் இல்லை.

வண்டிக்கும் வழி உண்டு. ராணுவம் கழித்துக்கட்டும் வாகனங்களை எம்.எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனம் இணையதள ஏலத்தில் விற்றுத் தந்திருக்கிறது. பணம் கட்டி, லாரியில் ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கும்வரை எல்லாம் சுகம். அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைக்கும், தான் வாங்கியது பாதி வண்டிதான் என்பது. மீதிப் பாதி காகிதத்தில் இருக்கிறது.

ராணுவ வண்டிக்கு ஆர்.டி.ஓ. அலுவலகம் நம்பர் கொடுப்பதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆவது பிரிவுப்படி, மத்திய அரசு குறிப்பிடும் அதிகாரியே அவற்றைப் பதிவு செய்கிறார். நம்பர் பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறியும் அதையடுத்து ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கங்களும் இருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: பாதுகாப்புப் பணியிலிருந்து விடுபட்டதும் அந்த வண்டிக்கும் மற்றவர்களுக்கு உள்ள சட்டம்தான். நேற்றுவரை எல்லைக்குப் போய்வந்த வண்டி, இன்று பெயர் இல்லாத பிள்ளை. பதிவில்லாமல் தெருவுக்குக் கொண்டுவந்தால், முதல் தடவையே 2,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். 5,000 வரை போகலாம்.

புதிய பதிவுக்கு என்ன தேவை என்பதை 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் பட்டியல் போடுகின்றன. 47ஆவது விதியில் முன்னாள் ராணுவ வண்டிகளுக்கென்றே தனி வரி உண்டு: விற்ற அதிகாரி 21ஆம் எண் படிவத்தில் கொடுத்த மூல விற்பனைச் சான்றிதழ். நகல் உதவாது. இதோடு இன்ஷூரன்ஸ், முகவரிச் சான்று. வண்டியை நேரில் பார்க்கும் இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரையும் எஞ்ஜின் நம்பரையும் காகிதத்தோடு ஒப்பிடுவார். ராணுவப் பணிமனையில் எஞ்ஜினை எப்போதோ மாற்றியிருந்தால் வந்தது வினை. அனுபவசாலிகள் ஏலத்துக்கு முன்பே இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுவார்கள். நம்பர்கள் பொருந்துகின்றனவா? வண்டியை ஓடும் வண்டியாக விற்கிறார்களா, உடைக்கவேண்டிய இரும்பாக விற்கிறார்களா? இரும்பாக விற்றதை ஆர்.டி.ஓ. வாசலில் வண்டியாக்க முடியாது.

அடுத்தது நிறம். பாதுகாப்புத் துறை வாகனங்களைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை வண்ணம் அடிக்கக்கூடாது என்கிறது 121ஆவது விதி. காரணம் நியாயமானது. பச்சை வண்டியைப் பார்த்தால் காவலில் நிற்பவரின் கை தானாகத் தடுப்பைத் தூக்கிவிடும். அந்த நம்பிக்கையை யாரும் திருடிவிடக்கூடாது. ஆனால் முன்னாள் டிரைவருக்கு இது சீருடையை இரண்டாம் முறை கழற்றுவதுபோல. வெள்ளையோ சிவப்போ அடித்த ஜீப்பைப் பார்த்து, "இதுவா தாத்தா நீங்க ஓட்டினது?" என்று பேரன் கேட்பான்.

இந்த மோகம் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்களைத் தயாரித்தன. போர் முடிந்ததும் அவற்றில் பல உலகெங்கும் டிஸ்போஸலில் வந்தன. பிறகு வந்தது ஜோங்கா. ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்ப்ளி என்ற நீண்ட பெயரின் சுருக்கம் அது. ஜப்பானின் நிசான் பேட்ரோலை மூலமாக வைத்து 1969 தொட்டுச் சுமார் முப்பது ஆண்டுகள் ஜபல்பூரில் தயாரானது. சுமார் நான்கு லிட்டர் பெட்ரோல் எஞ்ஜின். 2019இல் ராஞ்சித் தெருவில் தோனி ஒரு ஜோங்காவை ஓட்டிப்போன படம் வந்தபோது, அதுவரை அந்தப் பெயரையே கேட்டிராத இளைஞர்களும் தேட ஆரம்பித்தார்கள்.

ஆசை இருக்கும் இடத்தில் குறுக்குவழியும் இருக்கும். மேற்கு தில்லியின் மாயாபுரி, சென்னைப் புதுப்பேட்டையின் அண்ணன். வண்டிகள் அங்கே எலும்பு வேறு, தோல் வேறாகப் பிரிந்துவிடும். ஹரியானாவில் பஞ்சாப் எல்லையை ஒட்டிய மண்டி தப்வாலி, பழைய பாகங்களைக் கொண்டு புதிய ஜீப் கட்டுவதற்குப் பெயர்போன ஊர். இப்படிக் கட்டிய வண்டிக்கு, எப்போதோ செத்துப்போன ஒரு ராணுவ ஜீப்பின் காகிதத்தைப் பொருத்திவிட்டால் கதை முடிந்தது என்று யோசனை சொல்லும் தரகர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் தயாரித்தவர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்பது சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் பார்ப்பது இந்த நம்பர்களைத்தான்.

காகிதமெல்லாம் சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். வேறு ஊராக இருந்தால் ஒரு பெருமூச்சோடு வண்டியை எடுத்துவிடலாம். தில்லியில் கடைசிக் கதவு இன்னும் பாக்கி. 15 ஆண்டுகளைத் தாண்டிய வாகனங்கள் தில்லியில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் உத்தரவிட்டது. 2015 ஏப்ரலில் டீசலுக்கு அந்த வயதைப் பத்தாகக் குறைத்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலைநகர் வட்டாரம் முழுமைக்கும் இதை வலியுறுத்தியது. 2025 ஆகஸ்டில் உரிமையாளர்கள்மீது நடவடிக்கை வேண்டாம் என்று இளகிய அதே நீதிமன்றம், டிசம்பரில் அந்தச் சலுகையை பி.எஸ்.4, அதற்கு மேற்பட்ட தர வண்டிகளோடு நிறுத்திக்கொண்டது. உழைத்துக் களைத்த பிறகே ராணுவத்திலிருந்து வெளிவரும் வண்டிக்கு இதில் ஆறுதல் குறைவு. அது வெளியே வரும் வயதும் தில்லி அதை வேண்டாம் என்று சொல்லும் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சட்டம் வேறொரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் கெடாமல் இருக்கும் வாகனம் 'வின்டேஜ்' அந்தஸ்து பெறலாம். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு பத்தாண்டுக்கு, நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள். தினசரிப் பயணத்துக்கு எடுக்கக்கூடாது. கண்காட்சிக்கும் ராலிக்கும் போகலாம். 1964இல் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை தொடங்கிய பழைய கார் ராலியைக் கண்ட தில்லிக்கு இது பொருத்தமான ஏற்பாடுதான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1985 இறுதியில் பிறந்தது மாருதி ஜிப்ஸி. பின்னர் ராணுவத்தின் செல்லப்பிள்ளையானது. முதல் ஜிப்ஸிகூட 2035இல்தான் ஐம்பதைத் தொடும். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே 35 ஆண்டுகள். அதுவரை அது எங்கே இருக்கவேண்டும்? ஓடினால் குற்றம், உடைத்தால் வின்டேஜ் ஆகாது. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு செல்லாது என்ற விதியும் வந்திருக்கிறது. போர்ப்பணிக்கான சிறப்பு வாகனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. மற்றவை உடைப்பகங்களுக்குப் போகவேண்டியவைதான்.

தில்லியின் தடையைக் குறைசொல்வது சுலபம். நவம்பர் மாதத்தில் அந்த நகரத்தில் மூச்சுவிட்டவர்கள் சொல்லமாட்டார்கள். பேரனை ஜீப்பில் ஏற்றிக் காட்டும் ஆசை நியாயமானது என்றால், அந்தப் பேரனின் நுரையீரலும் நியாயமானதுதான். மாதத்துக்கு நான்கு மணி நேரம் ஓடும் ஜீப்பையும் தினமும் பத்து மணி நேரம் புகை கக்கும் வண்டியையும் ஒரே தராசில் வைப்பதுதான் இடிக்கிறது. வின்டேஜ் வண்டிக்குக் கொடுத்த அளவான அனுமதியை, மூல வடிவில் பேணப்படும் நடுவயது வண்டிக்கும் கொடுத்துப் பார்க்கலாம். பிரிட்டனில் 40 வயதானதுமே வண்டியைச் சரித்திரச் சின்னமாக மதித்துச் சாலை வரியைத் தள்ளுபடி செய்கிறார்கள்.

அதுவரை முன்னாள் டிரைவர் செய்யக்கூடியது ஒன்றுதான். அம்பு போட்ட அந்தப் பழைய நம்பரைக் குறித்துவைக்கலாம். விற்பனைச் சான்றிதழின் மூலத்தை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பூட்டலாம். வண்டியைத் தார்ப்பாயால் மூடி, வாரம் ஒருமுறை தூசி தட்டலாம். இன்று தாத்தா பத்திரப்படுத்தும் காகிதத்தை எடுத்துக்கொண்டு, ஒருநாள் பேரன் போய் வரிசையில் நிற்பான்.