இன்ஜின் இல்லாத கார் வந்தால், புதுப்பேட்டை என்ன ஆகும்?

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடைதான். ராஜரத்தினம் ஸ்டேடியத்தைத் தாண்டி ஆதித்தனார் சாலைப் பக்கம் திரும்பும்போதே கிரீஸ் வாசனை வந்துவிடும். பெயர்ப்பலகையைத் தேட வேண்டாம். நூலகத்தில் புத்தகம் அடுக்கியதுபோல கார் கதவுகள் வரிசையாக நின்றால், நீங்கள் புதுப்பேட்டைக்கு வந்துவிட்டீர்கள்.

புதுப்பேட்டைக்குப் பைக்கில் போய், அதை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே போய்த் தன் பைக்கின் கண்ணாடியையே காசு கொடுத்து வாங்கி வந்தவரின் கதையைக் கேட்காத சென்னைக்காரர் இருக்க மாட்டார். அந்தக் கிண்டலையும், 2006-ல் வந்த செல்வராகவனின் படத்தையும் வைத்தே வெளியூர்க்காரர்கள் இந்த இடத்தைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். நேரில் பார்த்தால் வேறு மாதிரி. கூவம் ஆற்றை ஒட்டி, கோமளீஸ்வரன்பேட்டைக்கும் எழும்பூருக்கும் நடுவே, காலையிலிருந்து இருட்டும் வரை சுத்தியல் சத்தம் ஓயாத உழைப்பாளிகளின் பேட்டை இது.

பொதுவாகப் பழைய இரும்பு வாங்கும் இடத்தைத் தமிழ்நாட்டில் 'காயலான் கடை' என்போம். காயல்பட்டினத்து வியாபாரிகளிடமிருந்து வந்த பெயர் என்று சொல்வார்கள். ஆனால், புதுப்பேட்டையை அப்படி அழைப்பது அநியாயம். காயலான் கடையில் எல்லாமே எடைக்கணக்கு. இங்கே ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, மாடல் உண்டு, வருஷம் உண்டு. 'அண்ணே, மாருதி 800, பழைய மாடல், இடது பக்க ஹெட்லைட்' என்று சொன்னால், 'கார்புரேட்டர் வண்டியா, எம்.பி.எஃப்.ஐ. வண்டியா?' என்று திருப்பிக் கேட்கும் ஊர் இது.

ஒரு கடை, ஓர் உறுப்பு

கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் இந்தச் சந்தையின் கணக்கு பிடிபடும். முழு காரையும் விற்பவர் இங்கே குறைவு. ஒருவர் கதவும் பானெட்டும் மட்டும். இன்னொருவர் கண்ணாடி. அடுத்தவர் சீட், டேஷ்போர்டு. ஒரு சந்துக்குள் போனால் கியர் பாக்ஸ் மட்டும். அதற்கடுத்து ரேடியேட்டர், செல்ஃப் மோட்டார், சைலன்சர் என்று பிரிந்துகொண்டே போகும். இவற்றுக்கு இடையே லேத் பட்டறைகள், டிங்கரிங், வெல்டிங், டீக்கடை.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாமே 'பழைய ஸ்பேர்' என்றுதான் தெரியும். ஆனால், மின்சார கார் என்ற ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு இதே சந்துகளில் இன்னொரு முறை நடந்தால், இந்தச் சந்தை இரண்டாகப் பிரிந்து தெரியும். கதவு, கண்ணாடி, சீட், லைட், பம்பர், சஸ்பென்ஷன், வீல் விற்பவர்கள் ஒரு பக்கம். பிஸ்டன், கிராங்க், ஹெட், கார்புரேட்டர், கிளட்ச், கியர் பாக்ஸ், சைலன்சரில் பிழைப்பவர்கள் இன்னொரு பக்கம். கார் மின்சாரத்தில் ஓடினாலும் இடித்தால் பம்பர் நசுங்கும், கல் பட்டால் கண்ணாடி உடையும். முதல் பக்கத்துக்காரருக்கு வேலை இருக்கும். சைலன்சர் கடைக்காரர் என்ன செய்வார்? மின்சார காரில் சைலன்சர் என்ற ஒரு பொருளே கிடையாதே!

'மின்சார வாகனம் வந்தால் மெக்கானிக்குகளுக்கு வேலை போகும்' என்று மொத்தமாகச் சொல்வது இதனால்தான் சரியில்லை. ஒரே தெருவில் ஒரு கடை தப்பிக்கும், பக்கத்துக் கடை தப்பிக்காது.

மகாபலிபுரம் போய் வர 500 ரூபாய் வரி

புதுப்பேட்டைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். ஒருவர், வண்டியால் பிழைப்பவர். கால் டாக்ஸி டிரைவர், சரக்கு வண்டிக்காரர், செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கமிருந்து பட்டியலோடு வரும் மெக்கானிக். மற்றவர், வண்டிக்காக வாழ்பவர். வீட்டில் ஓர் அம்பாசடரையோ, பிரீமியர் பத்மினியையோ, வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ துணி போர்த்திப் பாதுகாப்பவர். முதலாமவர் அவசரத்தில் வருவார். இரண்டாமவர் ஒரு சின்ன கைப்பிடிக்காகக் கடை கடையாக அரை நாள் அலைவார். கிடைக்காவிட்டாலும் சந்தோஷமாகத்தான் திரும்புவார்.

இருவருக்கும் பெட்ரோல் பங்கில் ஒரே வரிதான். 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைந்த பிறகும் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயை ஒட்டியே நின்றது. இதில் மத்திய அரசின் கலால் வரி, 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பின் 21.90 ரூபாயாக இருந்தது. தமிழ்நாடு அரசின் வாட் வரி 13 சதவிகிதமும், அதன்மேல் லிட்டருக்கு 11.52 ரூபாயும். இரண்டையும் சேர்த்தால் அப்போது லிட்டருக்கு 40 ரூபாய்க்கு மேல் வரி. (மத்திய அரசு அப்போது வாங்கிய 21.90 ரூபாயில் மாநிலங்களோடு பங்கு போடப்படும் அடிப்படைக் கலால் வரி 1.40 ரூபாய் மட்டுமே. மீதியெல்லாம் செஸ், கூடுதல் வரி என்ற பெயர்களில் மத்திய அரசிடமே தங்கிவிட்டது. டீக்கடை அரசியல் விவாதத்தில் இந்த 1.40 ஏனோ அடிபடுவதே இல்லை.)

லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுக்கும் பழைய அம்பாசடரை ஞாயிற்றுக்கிழமை எழும்பூரிலிருந்து மகாபலிபுரத்துக்கு ஓட்டிப்போய்த் திரும்பினால் சுமார் 12 லிட்டர் ஆகும். அந்தக் கணக்கில் வரி மட்டும் 500 ரூபாய் வரும். வலிக்கும்தான். ஆனால், கார் பிரியர் அதற்காகக் காரை விற்றுவிட மாட்டார். மாதத்துக்கு ஒரு முறையோ, இரண்டு முறையோதான் அவர் வண்டியை எடுக்கிறார்.

கால் டாக்ஸி ஓட்டுபவரின் கதை அப்படியில்லை. தினமும் 10 லிட்டர் டீசல் போடுகிறவர், 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பின் வரியாக மட்டும் நாளுக்கு 350 ரூபாய் அளவில் கட்டினார். மாதத்துக்குப் பத்தாயிரத்தை நெருங்கியது. அது வீட்டு வாடகை. ஆட்டோக்காரர்களுக்கு 2013-ல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் அந்த எண்கள் அசையவில்லை. எரிபொருள் விலை அசைந்தது. இப்படிப்பட்டவர் முன்னால் மின்சார வண்டியை நிறுத்தி, ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம்தான், சாலை வரியில் தமிழ்நாடு அரசு முழு விலக்கு தருகிறது என்று சொன்னால், அவர் ஏன் யோசிக்கப்போகிறார்? மாதத் தவணையைக் கணக்குப் போடுவார், மாறிவிடுவார். அது அவருக்கு நல்லதும்கூட.

எரிபொருள் வரி முதலில் பெட்ரோல் வண்டியைவிட்டு இறக்குவது கார் பிரியரை அல்ல, டிரைவரை. புதுப்பேட்டையின் இன்ஜின் பக்கக் கடைகளுக்கு அன்றாடம் கல்லாவை நிரப்புவது அந்த டிரைவரின் கிளட்ச் பிளேட்டும் செல்ஃப் மோட்டாரும்தான். ஹெரால்டு கைப்பிடி தேடி மாதத்துக்கு ஒரு முறை வருபவரை நம்பிக் கடை வாடகை கொடுக்க முடியாது. டிரைவர் வராமல் போனால் அந்தக் கடை மூடும். கடை மூடினால், கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் ஹெரால்டு ஷெட்டிலேயே நிற்கும்.

பழைய காருக்குப் புதுச் செலவுகள்

கார் பிரியர்களுக்கு வரியைத் தவிர வேறு கவலைகளும் வந்துவிட்டன. 15 ஆண்டுகள் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் அது 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டுகளைத் தாண்டிய காருக்கு 10,000 ரூபாய் என்று 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு அறிவித்தது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு மட்டும் 2021 முதல் தனி வழி இருக்கிறது. 20,000 ரூபாய் கட்டி 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட நம்பர் வாங்கலாம். ஆனால், அதைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் போடுவது போன்ற காரணங்களுக்குத்தான் சாலையில் இறக்கலாம். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் 30, 40 வயது வண்டிக்காரர்கள். பழசு என்று கட்டணம் உண்டு. பாரம்பரியம் என்ற மரியாதை மட்டும் கிடையாது.

அடுத்தது எத்தனால். 2025-ல் நாடு முழுவதும் பெட்ரோலில் 20 சதவிகித எத்தனால் கலப்பு வந்துவிட்டது. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலியத் துறையே சொன்னது. ஹோஸும் கேஸ்கெட்டும் விற்பவருக்கு இதில் கொஞ்சம் வியாபாரம். ஒருவர் கவலை இன்னொருவருக்குப் போணி ஆவது இந்தச் சந்தைக்குப் புதிதல்ல.

பேட்டரியைப் பிரிக்க முடியாது

சரி, புதுப்பேட்டைக்காரர்களும் மின்சார கார் தொழிலுக்கு மாறிவிடலாமே என்று தோன்றும். பியட்டிலிருந்து மாருதிக்கு மாறினார்கள், கார்புரேட்டரிலிருந்து எம்.பி.எஃப்.ஐ.க்கு மாறினார்கள். யாரும் வகுப்பெடுக்கவில்லை. பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள்.

அந்தக் கல்வி முறைதான் இப்போது இடறுகிறது. மின்சார காரின் பேட்டரி பல நூறு வோல்ட் கொண்டது. 'கழற்றித்தான் பார்ப்போமே' என்று கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்பாடு முடிந்த பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. அதைப் பிரித்தெடுக்கப் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனம் வேண்டும். ஒரு மின்சார காரில் விலை அதிகமுள்ள பொருளே பேட்டரிதான். அதாவது, நாளை உடைக்க வரும் காரின் மிக மதிப்புள்ள உறுப்பு, புதுப்பேட்டைச் சந்துக்குள் சட்டப்படி வராது. பழைய வண்டிகளைப் பதிவுபெற்ற உடைப்பு மையங்களில்தான் உடைக்க வேண்டும் என்று 2021-ல் வந்த விதிகளையும் சேர்த்துப் பார்த்தால், சந்தைக்குச் சரக்கு வரும் வாசலே குறுகிக்கொண்டிருக்கிறது.

இங்கிருந்து ஒரு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையின் நிலை நேர்மாறானது. 1998-லிருந்து கார் தயாரிக்கும் ஹூண்டாய் ஆலையில், பெட்ரோல் கிரெட்டாவோடு மின்சார கிரெட்டாவும் தயாராகிறது. அங்கே தொழில் மாறும்போது கற்றுக்கொடுக்க ஒரு கம்பெனி இருக்கிறது, கேட்க ஒரு தொழிற்சங்கம் இருக்கலாம். புதுப்பேட்டையில் லேத் பிடிப்பவருக்குக் கம்பெனியும் இல்லை, நியமனக் கடிதமும் இல்லை. மின்வாகனக் கொள்கை எழுதுகிறவர்கள் ஆலை, முதலீடு, வேலைவாய்ப்பு என்று எண்ணுகிறார்கள். இந்த லேத்காரர் அந்த எண்ணிக்கையில் எந்தப் பத்தியில் வருகிறார் என்று தேட வேண்டியிருக்கிறது.

ஒரே ஆறுதல், காலம். இன்று பதிவாகும் பெட்ரோல் காருக்கு 15 ஆண்டுகள் பதிவுக்காலம் உண்டு. 2025-ல் வாங்கிய கார் 2040 வரை கிளட்ச் பிளேட் கேட்கும். எனவே, நாளைக்கே எந்தக் கடையும் மூடாது. முதலில் குறையப்போவது கடை அல்ல, வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்கள். கார்புரேட்டரைக் காதால் கேட்டு டியூன் செய்யும் வித்தையை, பதினைந்து வருஷத்தில் முடியப்போகும் தொழில் என்று தெரிந்தும் எந்த இருபது வயதுக்காரர் உட்கார்ந்து கற்பார்? சில நகரங்களில் கார் பிரியர்களே பழைய மெக்கானிக்குகளிடம் சனி, ஞாயிறுகளில் வேலை பழகத் தொடங்கியிருக்கிறார்கள். சென்னையிலும் அது நடந்தால் நல்லது. கற்றுக்கொடுப்பவருக்குச் சம்பளம் கொடுத்து நடந்தால் இன்னும் நல்லது.

போக நினைப்பவர்களுக்கு: எழும்பூர் மெட்ரோவில் இறங்கி நடப்பதுதான் வசதி, பறக்கும் ரயிலில் வருபவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கிக் கூவத்தைத் தாண்டி வரலாம். முற்பகலில் போனால் கடைக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்கும். தேவையான பாகத்தின் படத்தை மொபைலில் எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் பழைய பாகத்தையே எடுத்துப் போங்கள். வாங்கும்போது பில் கேளுங்கள். முதல் கடையில் இல்லை என்றால், அவரே 'அந்தச் சந்துல மூணாவது கடை' என்று கை காட்டுவார். பழைய கார்களை முழுசாகப் பார்க்கும் ஆசை இருந்தால் அங்கிருந்து வடபழனி போகலாம்; 2023-ல் திறக்கப்பட்ட ஏவி.எம். ஹெரிட்டேஜ் மியூசியத்தில் பளபளவென்று நிற்கின்றன. புதுப்பேட்டையில் அவற்றின் கதவும் கண்ணாடியும் தனித்தனியாகக் கிடைக்கும், பேரம் பேசிக்கொள்ளலாம்.